புதுப்பிப்பு: அப்பாவின் பழைய லெப்டொப், விண்டோஸ் 10க்குப் பிறகு

போன முறை கேட்டது இதுதான்: 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது, அப்பாவின் லெப்டொப் இன்டெல் 6ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்காது, என்ன செய்யலாம்? கொழும்பு யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் புதிதாக வாங்கச் சொன்னார்கள். வாங்கவில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன்.

அப்பாவுக்குப் பிடித்துப்போனது, கீழே இடது மூலையில் மெனு, பழக்கமான இடத்திலேயே எல்லாம். சிக்கல் வைஃபைதான். அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு ட்ரைவர் வேண்டும்! போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுப்பது) போட்டதும் மின்டிலுள்ள ட்ரைவர் மேனேஜரே தேடி எடுத்துக்கொண்டது, அப்புறம் ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். பிரிண்டர் தானாகவே வந்தது.

மின்டில் தமிழில் தட்டச்சு செய்வது பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு: ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையே இருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்களுக்கு அந்த எழுத்துருக் கோப்பை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால் போதும், வேர்ட் போன்ற லிப்ரே ஒபிஸில் ஒழுங்காகத் திறக்கின்றன. போட்டோஷொப் கட்டாயம் தேவைப்படுபவர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருங்கள். மற்றவர்கள் முதலில் மின்டை நிறுவாமலே பென்ட்ரைவிலிருந்து ஓடவிட்டு வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.