பொருள்: டிரஸ்டி – அறங்காவலரா, கையடையாளரா?

அண்ணா, வணக்கங்க. நேற்றைய மடலைப் படித்ததிலிருந்து இதே நினைப்புதான். டிரஸ்டுக்குக் கையடை, டிரஸ்டிக்குக் கையடையாளர் என்று நான் சொன்னதற்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> டிரஸ்டிக்கு அறங்காவலர் என்று நிலைத்துவிட்ட சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

கோயிலுக்கு அது நல்ல சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. பரம்பரை அறங்காவலர், அறங்காவலர் குழு என்றெல்லாம் ஊரில் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் கோயில் கட்டளைகளையும் தர்மக் கட்டளைகளையும் முதல் பிரிவிலேயே தனக்கு வெளியே நிறுத்திவிட்டது. அது பேசுவது ஒருவர் சொத்தை இன்னொருவர் (அவர்தான் டிரஸ்டி) கையில் வைத்து மூன்றாமவருக்குப் பயன்படச் செய்யும் தனியார் ஏற்பாட்டைப் பற்றி. அங்கே அறம் என்ற சொல் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் சொந்தத்திலேயே பார்த்துவிட்டேன்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பெரியவர். மகள் வயிற்றுப் பேரனுக்கு அறிவுசார் குறைபாடு, தனக்குப் பின்னால் அவனை யார் பார்ப்பார்கள் என்ற கவலை. நாலு ஏக்கர் தோட்டத்தையும் கொஞ்சம் பணத்தையும் அவனுக்காக மகன் பெயரில் டிரஸ்டாக எழுதி வைத்தார், அதாவது பையனின் தாய்மாமன் பெயரில். பத்திரத்தில் அறங்காவலர் என்று போட்டார்கள். தோட்டத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டார்களாம் என்று ஊரில் பேச்சு. மாமனும் அப்படியே எடுத்துக்கொண்டார். பையனுக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் அவர் மனசில் தாய்மாமன் சீர்க் கணக்கில் ஏறியது. பையனின் அம்மா வரவு செலவு கேட்டபோது, "என்னை நம்பலையா கண்ணு?" என்றார். அதற்கு மேல் அந்த அம்மா வாய் திறக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் கணக்குக் காட்டுவது அவருடைய பெருந்தன்மை கிடையாது, கடமை. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெளிவாகக் கணக்கு வைக்க வேண்டும், நியாயமான நேரத்தில் கேட்டால் முழு விவரமும் தர வேண்டும் என்கிறது. அப்புறம் தோட்டத்தைத் தானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார், ஊரில் என்ன குத்தகையோ அதே தொகைக்கு. ஒரு பைசா குறைக்கவில்லை. அதுவும் கூடாது அண்ணா! 53ஆம் பிரிவின்படி டிரஸ்ட் சொத்தை டிரஸ்டி விலைக்கு வாங்குவதற்கும் சரி, குத்தகைக்கு எடுப்பதற்கும் சரி, முதன்மை சிவில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பயன் பெறுகிறவருக்கு அது ஆதாயம் என்று வெளிப்படையாகத் தெரிந்தால்தான் அனுமதியே கிடைக்கும்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்றால், 1726இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கைச் சொல்வார்கள். ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை, ஒரு சிறுவனுக்காக டிரஸ்டியிடம் இருந்தது. காலம் முடிந்ததும் சிறுவனுக்குப் புதுப்பித்துத் தர மாட்டேன் என்று சொத்துக்காரர் சொல்லிவிட்டார், டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்கு எப்படியும் கிடைக்காத குத்தகைதானே என்று நமக்குத் தோன்றும். நீதிமன்றம் ஒப்பவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம், இந்த ஒரு ஆள் எடுக்கக் கூடாது என்று சொல்லி, குத்தகையும் லாபமும் சிறுவனுக்கே என்று தீர்த்தது. நம்மூர்ச் சந்தை ஏலத்தை நினைத்துப் பாருங்கள், இதன் நியாயம் சட்டென்று பிடிபடும்.

> அப்படியானால் இலங்கையில் சொல்வதுபோல நம்பிக்கைப் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாமே.

அறங்காவலரைவிட நல்லது. சட்டமே நம்பிக்கையில் பிறந்த கடமை என்றுதான் 3ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் இங்கே நம்பிக்கை மோசடி என்று குற்றவியல் வழக்கு ஒன்று இருக்கிறது. டிரஸ்ட் கடமையில் தவறுகிற எல்லாருமே மோசடிக்காரர்கள் இல்லை, மேலே சொன்ன மாமன் மோசடிக்காரரா? நேர்மாறாக, கடமையில் தவறாமலே நட்டம் வருவதும் உண்டு. ஒரு டிரஸ்டி தன் சொந்தச் சரக்கைப் பார்ப்பதுபோல விவேகமாக, டிரஸ்ட் தோட்டத்து மஞ்சளை விலைக்காக இருப்பு வைத்திருப்பார், ஈரோட்டில் விலை சரிந்துவிடும். 15ஆம் பிரிவு அந்த நட்டத்தை அவர் தலையில் கட்டாது. நம்பிக்கை என்ற சொல்லை முன்னால் வைத்தால் பேச்சு ஆளின் குணத்தைச் சுற்றியே போகும், "என்னை நம்பலையா" என்பதும் அதிலிருந்துதான் வருகிறது.

அதனால்தான் கையடை என்றேன். தசரதன் இராமனை விசுவாமித்திரனிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். கையில் இருக்கிறது, தன்னுடையது இல்லை. வேறு என்ன வேண்டும்?

> கையடையில் உடைமை மாறாதே. டிரஸ்டில் சொத்து டிரஸ்டி பெயருக்கே போய்விடுகிறதல்லவா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஆர்.சி. நம் பெயரில்தான் இருக்கும், அதற்கு ஒப்படைப்பு போதும். டிரஸ்டில் பட்டாவே மாமன் பெயரில், கடமை அந்த உடைமையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சாவா மூவாப் பேராட்டை நினைத்துப் பாருங்கள். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆடு மன்றாடியின், அதாவது இடையரின், பட்டியில் நிற்கும், மேய்ப்பதும் பெருக்குவதும் அவர் பாடு, ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது, நாளுக்கு உழக்கு நெய் போய்ச் சேர வேண்டும். மன்றாடிக்கு அதில் ஆதாயம் உண்டு, டிரஸ்டிக்குப் பத்திரத்திலோ தனி ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தாலொழியச் சம்பளம்கூட இல்லை, அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆள்வதும் கட்டுப்படுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதில்லை. கையடை என்ற பழைய சொல்லுக்கு இந்தப் பொருளையும் சேர்த்து நாம் வரையறுத்துக்கொள்ளலாம்.

சரி, மற்றவை: கையடையாளர், கையடைச் சொத்து, கையடை மீறல். டிரஸ்டால் பயன் பெறுகிறவருக்குப் பயனாளி என்ற சொல் மட்டும் வேண்டாம். அரசு இலவசம் வாங்க வரிசையில் நிற்பவர் நினைவுதான் வருகிறது. பயனுரியவர் என்றால், கேட்க உரிமை உள்ளவர் என்பது சொல்லிலேயே இருக்கும்.

அந்தப் பையனின் அம்மா இப்போது கணக்கை எழுத்தில் கேட்டிருக்கிறார். கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன், "பயனுரியவர் சார்பில்" என்று. அடுத்த வாரம் இன்னொரு குடும்பத்துக்கு டிரஸ்ட் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது, அதில் டிரஸ்டியாகிய கையடையாளர் என்று இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று இருக்கிறேன். பயனுரியவர் உங்களுக்குச் சம்மதமா என்று அதற்குள் ஒரு வரி எழுதுங்கண்ணா.