ஒரே சீரியல் போர்ட்டில் நான்கு சென்சார்கள்: தடம் மாற்றியதும் முதல் கட்டளை பழுதாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலரில் உள்ள ஒரே யூஏஆர்டியை (சீரியல் போர்ட்டை) கொண்டு, 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் இயங்கும் நான்கு சென்சார்களைக் கட்டுப்படுத்த முயல்கிறேன். நான்கும் கேட்டால் மட்டுமே பதில் தருபவை. தமக்கென முகவரி இல்லாதவை. ஆகவே 74எச்சி4052 மல்டிபிளெக்சரின் (ஒரு இணைப்பை நான்கு தடங்களில் ஒன்றுக்கு மாற்றிவிடும் சுவிட்ச் சிப்) ஒரு பாதியில் டிஎக்ஸையும் (அனுப்பும் பின்) மறுபாதியில் ஆர்எக்ஸையும் (பெறும் பின்) இணைத்து, இரண்டு பின்களால் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். எல்லாம் 5 வோல்ட்டில் இயங்குகின்றன. தனித்தனியாக இணைத்தால் ஒவ்வொரு சென்சாரும் பிழையின்றி வேலை செய்கிறது. ஆனால் தடம் மாற்றியபின் அனுப்பும் முதல் கட்டளைக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதையே மறுபடி அனுப்பினால் வந்துவிடுகிறது. பதில் வேண்டாத ‘நிறுத்து’ கட்டளையோ சில சமயம் போய்ச் சேருவதே இல்லை. இருமுறை அனுப்பிச் சமாளிக்கலாம்தான். காரணம் தெரியாமல் அப்படி விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

பதில் 1:
தேர்ந்தெடுக்கப்படாத மூன்று சென்சார்களின் ஆர்எக்ஸ் பின்கள் அப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். மல்டிபிளெக்சர் அவற்றைத் துண்டித்துவிடுவதால் அவை அந்தரத்தில் நிற்கின்றன. சீரியல் தடம் ஓய்வில் உயர்நிலையில் இருக்க வேண்டும். அது சற்றே தாழ்ந்தாலும் சென்சார் அதைத் தொடக்க பிட் என்று எண்ணி, இரைச்சலையே பைட்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பின்னர் வரும் உங்கள் கட்டளை அந்தக் குப்பையின் வாலில் ஒட்டிக்கொள்வதால் மொத்தமும் தள்ளுபடியாகிறது. அத்தோடு குப்பையும் நீங்கிவிடுவதால் இரண்டாம் முறை சரியாகிறது. ஒவ்வொரு சென்சாரின் ஆர்எக்ஸ் பின்னிலும் 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடை (பின்னை உயர்நிலையில் பிடித்து வைப்பது) வையுங்கள்.

பதில் 2:
‘நிறுத்து’ கட்டளையின் சிக்கல் வேறு. அது நிரலில் இருக்கிறது என்றே கருதுகிறேன். யூடிஆர்இ கொடி (யூஏஆர்டியின் ஒரு நிலை பிட்) உயர்ந்ததும் தடத்தை மாற்றுகிறீர்களா? அடுத்த பைட்டை ஏற்க இடம் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும்; கடைசி பைட் அப்போதும், பைட்டைப் பிட் பிட்டாக வெளியே தள்ளும் ஷிப்ட் ரெஜிஸ்டரிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும். 9600 பாட்டில் தொடக்க பிட், 8 தரவு பிட்கள், நிறுத்த பிட் என 10 பிட்களுக்கு ஏறத்தாழ 1.04 மில்லிவினாடி ஆகும்; அதற்குள் மாற்றினால் பைட் பாதியில் அறுந்துவிடும். எல்லா பிட்களும் வெளியேறிய பின்னரே உயரும் டிஎக்ஸ்சி கொடிக்குக் காத்திருங்கள். முந்தைய கட்டளையில் உயர்ந்த கொடி அப்படியே நின்றிருக்கலாம் என்பதால், அனுப்பும் முன் அதில் 1 எழுதி அழிக்க மறவாதீர்கள். நான் இதை விட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் தேடியிருக்கிறேன்.

பதில் 3:
கேட்டால் மட்டுமே பேசும் சென்சார்களுக்கு இந்தச் சுற்று போதும். ஜிபிஎஸ் போலத் தானாகவே அனுப்பும் கருவி ஒன்றையும் பின்னர் சேர்க்கும் எண்ணம் இருந்தால், தடம் வேறிடத்தில் இருக்கும்போது வரும் தரவு தொலைந்துபோகும். அந்த நிலையில், ஐ2சி அல்லது எஸ்பிஐ (சிப்களை இணைக்கும் தொடர்பு முறைகள்) வழியாக இரண்டு யூஏஆர்டிகளையும் ஒவ்வொன்றுக்கும் 64 பைட் ஃபிஃபோவையும் (தரவை வந்த வரிசையில் சேர்த்து வைக்கும் நினைவிடம்) தரும் எஸ்சி16ஐஎஸ்752 சிப்பையே பரிந்துரைப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மின்தடைகளை வைத்ததும் முதல் கட்டளைக்கே பதில் வருகிறது. நிரலில் நான் பார்த்துவந்தது யூடிஆர்இ கொடியைத்தான். மாற்றிவிட்டேன், ‘நிறுத்து’ கட்டளையும் இப்போது தவறுவதில்லை. மூவருக்கும் நன்றி.