ஏழாம் நம்பர் செல்: பேட்டரியை ஒவ்வொரு செல்லாகப் பார்த்த அனுபவங்கள்

ஹட்டன் கொப்பிக்கடை:

டவுனில் சின்னதாய் ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். ஃபோட்டோ கொப்பி, லெமினேட்டிங், பிள்ளைகளின் அசைன்மென்ட் டைப் அடிப்பது என்று ஓடும் கடை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டியது இன்னும் மறக்கவில்லை. அந்தக் கடுப்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துப் பிறகு ஒரு லித்தியம் அயன் பொஸ்பேட் பேட்டரி கட்டினேன். 3.2 வோல்ட் செல் 16, வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். அளவு 100 ஆம்பியர் மணி.

பாதுகாப்புக்கு ஒரு பி.எம்.எஸ். போர்டும் போட்டேன். இருந்ததிலேயே விலை குறைந்தது. ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தத்தையும் வெட்டிவிடும். எந்தச் செல் என்று மட்டும் சொல்லாது. புளூடூத் கிடையாது, ஒரு லைட்கூடக் கிடையாது.

ஆறு மாதம் ஒழுங்காய் ஓடியது. அப்புறம் கரண்ட் போன நேரத்தில் கொப்பி மெஷின் சூடேறும்போது ‘டப்’ என்று எல்லாம் நின்றுவிடும். மீட்டரில் பார்த்தால் பேட்டரி 52 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பதினாறால் வகுத்தால் செல்லுக்கு 3.28. ஒரு குறையும் தெரியாது. பதினாறு பேர் வாங்கிய மார்க்கின் சராசரியை வைத்து யார் ஃபெயில் என்று எப்படிச் சொல்வது?

சரி, நாமே ஒரு மீட்டர் செய்வோம் என்று ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் ஒரு வயர், இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரித்து உள்ளே விடுவது. முதல் நாளே பல்லிளித்தது. நானோவின் அளவி 10 பிட், அதாவது 1024 படி. 60 வோல்ட்டை 1024 ஆல் வகுத்தால் ஒரு படிக்கே 59 மில்லிவோல்ட். இந்த வகை செல்லில் கால்வாசி சார்ஜுக்கும் முக்கால்வாசி சார்ஜுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அவ்வளவுதான் வரும். மூட்டை நிறுக்கும் தராசில் பவுன் நிறுத்த கதை.

பிறகு கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் ஏ.டி.எஸ்.1115 என்ற, வோல்டேஜ் அளக்கும் சின்னப் பலகை நான்கு வாங்கினேன். 16 பிட். ஒன்றில் அளக்கும் வயர் மாட்ட நான்கு வாசல், நானோவுக்குப் போகும் ஒரே வயர் சோடியில் நான்கு பலகை வரைக்கும் தொங்கவிடலாம். நந்நான்கு பதினாறு, எனக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த மாதிரி. ரெசிஸ்டர் 1 சதவீதப் பிழை உள்ளதுதான், உயர்ந்தது வாங்கக் கட்டுபடியாகவில்லை. ஆனால் 50 வோல்ட் இணைப்பில் 1 சதவீதம் என்றால் அரை வோல்ட் பிழை, பிறகு எதற்கு அந்த மீட்டர்? அதனால் ஒரு நல்ல மல்டிமீட்டரை வைத்துப் பதினாறு இணைப்பையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருத்த எண் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. வீட்டுக்காரி இரண்டு தரம் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள், இரண்டும் ஆறிப்போயிருந்தன.

இப்போது ஆள் பிடிபட்டான். சும்மா இருக்கும்போது பதினாறும் 3.28. 40 ஆம்பியர் இழுத்தால் மற்றவை 3.22, ஏழாம் நம்பர் மட்டும் 2.94. மெஷின் சூடேறும் கணத்தில் அதைவிட அதிகமாய் இழுக்கும், அப்போது அவன் 2.5ஐத் தொட்டுவிடுகிறான். செல் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதுசு என்ன விலை என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன்.

நல்லகாலம், சார்ஜ் ஆகும்போது என்ன காட்டுகிறது என்றும் பார்த்தேன். 20 ஆம்பியரில் மற்றவை 3.35, ஏழு 3.49. இறக்கும்போது 40க்கு 280 மில்லிவோல்ட் கீழே, ஏற்றும்போது 20க்கு 140 மேலே. ஆம்பியர் பாதியானால் வித்தியாசமும் சரிபாதி. கொள்ளளவு குறைந்த செல் இப்படி நடக்காது. அது நடுவில் மற்றவையோடு சேர்ந்தே ஓடி, நிரம்பும் நேரத்திலும் தீரும் நேரத்திலும்தான் முந்திக்கொள்ளும். இது வெறும் ரெசிஸ்டன்ஸ், 7 மில்லிஓம்.

ஆனால் அந்த 7 மில்லிஓம் செல்லுக்கு உள்ளேயா, வெளியேயா? நான் வயரைச் செல்லின் முனையில் போடாமல், செப்புப் பட்டையின் அடுத்த நுனியில், எட்டாம் செல் பக்கம் போட்டிருந்தேன். மெஷின் ஓடும்போதே மல்டிமீட்டர் ஊசியை நேராக ஏழாம் செல்லின் முனைகளில் வைத்தேன். 3.21. செல்லில் ஒரு குறையும் இல்லை! பட்டையில் விரலை வைத்தால் சூடு. வெளியே பனி மூடி எதிர்க்கடை தெரியாத யூலை மாதக் குளிர், இங்கே பட்டை வெதுவெதுவென்று இருக்கிறது. நட்டைக் கழற்றினால் கீழே வெள்ளையாய்ப் பூத்துப்போய் இருந்தது. நம் ஊர் ஈரம் அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து விட்டுவைக்குமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்து மீண்டும் முடுக்கினேன். முடுக்கும்போது வீரம் காட்ட வேண்டாம், அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இப்போது ஏழும் 3.22.

பண்டாரவளை லீஃப்:

அண்ணே, எனக்கும் இதே மாதிரி ஒன்று. 2015 வாக்கில் நிறைய இறங்கிய நிசான் லீஃப் கரண்ட் கார் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறேன், 24 கிலோவாட் மணி. வண்டிக்குள்ளேயே 96 செல் சோடிக்கும் அளவி இருக்கிறது, நாம் தனியாக எதுவும் கட்டத் தேவையில்லை. சின்ன புளூடூத் பிளக் ஒன்றும் லீஃப் ஸ்பை ஆப்பும் இருந்தால் 96 கோடும் போனிலேயே தெரியும்.

சமதரையில் எல்லாம் ஒரே உயரம்தான். வெல்லவாயவிலிருந்து எல்ல ஏற்றம் ஏறும்போது, அதுவும் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால், ஒரு சோடி மட்டும் 190 மில்லிவோல்ட் தொங்கும். மீதி 95 நல்லாயிருந்து என்ன பயன்? இராவணன் நீர்வீழ்ச்சிக்கு மேலே ஒரு வளைவில், இழுவை குறைந்துவிட்டது என்று காட்டும் ஆமை லைட் எரிந்து, பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தே எங்களை ஏற்றிவிட்டது. குறை வண்டியில் இல்லை, வயசில். இப்போது வெல்லவாயவில் தேத்தண்ணி குடிக்கிற சாக்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் ஏறுவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் முழுசாய் ஏற்றிவிட்டு இறக்கத்தில் விட்டால் மோட்டார் பிரேக் பிடிக்காது. செல் நிரம்பியிருப்பதால் வாங்கிக்கொள்ள இடமில்லை. பெடல் பிரேக் மட்டும்தான், கவனம்.

டவர் மாமா:

நான் போன் டவர்களில் பேட்டரி பார்த்தவன், இப்போது ரிட்டயர். நாங்கள் பார்த்தது ஈயப் பேட்டரி, 2 வோல்ட் செல் 24. எப்போதும் நிரம்பியபடியே வைத்திருக்கும் மிதவைச் சார்ஜில் செல்லுக்கு 2.25, மொத்தம் 54. ஒரு செல் 2.05க்கு விழுந்தாலும் மற்றவை கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்து ஏறிவிடும், மொத்தம் அதே 54தான் காட்டும். அதனால் மாதா மாதம் மல்டிமீட்டரும் சி.ஆர். கொப்பியுமாய் மலை ஏறுவோம். அட்டை கடிக்கக் கடிக்க எழுதிய கொப்பிகள் அவை.

கடைகளில் 12 வோல்ட் பேட்டரி நான்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மலிவு வழி சொல்கிறேன். நடுவிலிருந்து ஒரே ஒரு வயர் எடுத்து, மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வகை, ஒரே வயசு என்றால் வித்தியாசம் வரக்கூடாது. நாளுக்கு நாள் இடைவெளி கூடினால் ஒரு பாதியில் எங்கேயோ கோளாறு. எந்தப் பேட்டரி என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

கொப்பிக்கடை தம்பி, அந்தப் பதினாறு வயருக்கும் செல் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் போட்டீர்களா? எங்களோடு வேலை செய்த ஒருவர் போடாமல் விட்டு, வயர் கதவில் நசுங்கி, ஒரு முழம் நீளத்துக்கு ரப்பர் உருகிப் புகைந்தது. மெல்லிய வயர் என்றாலும் பின்னால் நிற்பது முழுப் பேட்டரி.

டெக் டீச்சர்:

உயர்தரத்துக்குத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன், அதனால் கணக்கில் கண் போனது. கொப்பிக்கடை அண்ணா, ஒவ்வொரு இணைப்பிலும் ரெசிஸ்டர் மொத்தம் எத்தனை ஓம்? ஒரு இலட்சம் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா இணைப்பும் கீழே தரைக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு இழுக்கிறது, அதனால் பதினாறு இணைப்பின் மின்னோட்டமும் முதலாம் செல் வழியாகத்தான் போகிறது. பதினாறாம் செல்லுக்கு அதனுடையது மட்டும். கூட்டிப் பார்த்தால் முதலாம் செல் 4.35 மில்லிஆம்பியர், பதினாறாம் செல் 0.5. வித்தியாசம் ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 2.8 ஆம்பியர் மணி வரும். உங்கள் மீட்டரே பேட்டரியைச் சாய்க்கிறது.

பார்க்காத நேரத்தில் மீட்டரை வெட்டி வைக்கச் சுவிட்ச் போட நினைத்தால் தரைப் பக்கம் போட்டுவிடாதீர்கள். தரை விட்டுப்போனால் இணைப்பின் முழு வோல்டேஜும் பலகைக்குள் ஏறிவிடும், பலகைகள் பழுதாகக்கூடும்.

ஹட்டன் கொப்பிக்கடை:

டீச்சர், ஒரு இலட்சமேதான். நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு இராத்திரியே போய் நிரம்பும் நேரத்தில் பார்த்தேன். பதினாறாம் செல் 3.55 வந்துவிட்டது, முதலாம் செல் இன்னும் 3.36இல் நிற்கிறது. சித்திரை வருஷத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனபோதும் மீட்டர் மாட்டியபடியேதான் இருந்தது. இப்போதைக்கு செல் பக்கத்துக் கனெக்டரையே கழற்றி வைத்திருக்கிறேன், பார்க்கும்போது மட்டும் மாட்டுவது.

10 இலட்சம் ஓமுக்கு மாற்றி, வாசலுக்கு ஒரு சின்னக் கபாசிட்டர் போடலாம் என்று நினைக்கிறேன். அந்த ரெசிஸ்டர் இங்கே டவுனில் இல்லை, வெள்ளிக்கிழமை கொழும்பு போகும் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். திருத்த எண் பதினாறையும் மறுபடி போட வேண்டும், இன்னொரு ஞாயிறு போச்சு. மாமா, ஃபியூஸ் போடவில்லை. அதையும் லிஸ்டில் எழுதிவிட்டேன்.