பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் தொடங்க மடிப்பாக்கம், வேளச்சேரி பகுதியில் எத்தகைய இடம் பார்க்கலாம்?

கேள்வி: மடிப்பாக்கம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மாண்டிசோரிப் பயிற்சி முடித்து, மழலையர் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், வரும் ஜூன் மாதத்துக்குள் ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்காகச் சொந்தமாக ஒரு டே கேர் தொடங்க எண்ணியுள்ளேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை; இடத்தைத்தான் முடிவு செய்ய இயலவில்லை. தற்போது மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, மடிப்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீடு. உரிமையாளர் மாடியில் குடியிருந்துகொண்டு கீழ்த்தளத்தை மட்டும் வாடகைக்கு விடுகிறார். அடுத்தது, வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முதல் தளத்தில் மூன்று படுக்கையறை கொண்ட வீடு. இன்னொன்று பெருங்குடியில், ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய வணிகக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் லிஃப்ட் வசதியுள்ள புதிய கூடம். வாடகை அதிகம் என்றாலும் சுற்றிலும் ஐ.டி. நிறுவனங்கள் இருக்கின்றன. மூவரும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கட்டடப் பொறியாளர், அம்பத்தூர்

அம்மா, பெருங்குடி இடத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. தூங்கும் குழந்தைகளையும் நடக்கத் தெரியாத குழந்தைகளையும் இரண்டு மூன்று ஆயாக்கள் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவது நடக்கக்கூடிய காரியம் அன்று. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியபோது, மாடி வகுப்பில் இருந்த பிள்ளைகள் குறுகலான படிக்கட்டைக் கடந்து வெளியேற முடியாமல் போயிற்று. 94 குழந்தைகளை இழந்தோம். சிறு குழந்தைகளுக்கு இடம் பார்க்கிறவர்கள் அந்த நாளை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கதவையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரைத்தளம், எதிரெதிர்த் திசையில் இரண்டு வாசல்கள், இரண்டும் பகல் முழுவதும் பூட்டப்படாதவை: இவை இல்லாத இடத்துக்கு வாடகை பேசவே வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015ஆம் ஆண்டு முதல் தனி ஒழுங்குமுறை விதிகள் உள்ளன. அங்கீகாரம் கோரும்போது வட்டாட்சியர் தரும் கட்டட உரிமச் சான்று, கட்டட உறுதித்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கையும் கேட்பார்கள். இவை உங்கள் பெயரில் வாங்கப்படுபவை என்றாலும், கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது உரிமையாளரின் கட்டடம். மடிப்பாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அதற்கு முன் அது ஊராட்சி. அக்காலத்து வீடுகள் பலவற்றில் கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி இருக்கும். மாடி பின்னாளில் எழுப்பப்பட்டிருக்கும். ஆகவே அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இறக்கியிருந்தால், உங்கள் இரண்டாவது வழி அங்கேதான் அடைபட்டிருக்கும். உரிமையாளர் நகலைத் தரத் தயங்கினால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

பதில்: வேளச்சேரிவாசி

பொறியாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நம் பகுதியில் தரைத்தளம் என்றாலே தண்ணீரையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே பல தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரகரிடம் கேட்டால் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்காது என்றுதான் சொல்லுவார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் எந்தப் படி வரைக்கும் ஏறியது என்று அவர் சொல்லிவிடுவார். காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகள் இங்கே நிறைய உண்டு. அத்தகைய வீட்டில் சாதாரண மழைக்கே கழிவுநீர் குளியலறை வழியாக எதிர்த்து வரும். பேஸ்மென்ட், அதாவது வீட்டுத் தரைக்குக் கீழுள்ள அடித்தளம், உயர்த்திக் கட்டிய வீடாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

பதில்: ஆதம்பாக்கத்தில் காப்பகம் நடத்துபவர்

சகோதரி, எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு முறை தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். நம் ஊர்த் தனி வீடுகளில் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் போர்ட்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும், பிள்ளைகள் விளையாடப்போவதும் அதே போர்ட்டிகோவில்தான். அந்த இரும்பு மூடியை ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும் நிலையில் இருந்தால், பூட்டுப் போடும் வகைக்கு மாற்ற உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று அன்றே கேளுங்கள். இ.பி. மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் பல வீடுகளில் கேட்டுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். குளியலறை உள்தாழ்ப்பாள்களைக் கழற்ற அனுமதி வாங்குங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குத் தாழிடத் தெரியும், பயத்தில் திறக்கத் தெரியாது. கிணறு இருக்கும் வீடு, மேலே கம்பிவலை போட்டிருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

அலுவலகத்துக்கு அருகிலா, வீட்டுக்கு அருகிலா என்பதைக் குழந்தைகளின் வயதுதான் முடிவு செய்கிறது. மகப்பேறு நலன் தொடர்பான சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்த்து வரவும் உரிமை உண்டு. பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அலுவலகப் பக்கம் பொருந்தும். உங்களிடம் வரப்போகும் வயதினரைப் பெரும்பாலும் பாட்டியோ தாத்தாவோ நடந்து வந்து அழைத்துச் செல்வார்கள். ஆதலால் குடியிருப்புத் தெருவே உங்களுக்கு நல்லது. காலை எட்டரை மணிக்கு அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். கார் ஒன்று நின்றால் பின்னால் வரும் பள்ளி வேன் கடந்து செல்ல முடிகிறதா என்பது தெரிந்துவிடும்.

பதில்: வழக்கறிஞர், சைதாப்பேட்டை

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்பது சென்னை வழக்கமே தவிர உங்கள் மீது சுமத்தப்பட்ட கடமை அன்று, பேசிக் குறைக்கலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் டே கேர் தொடங்காதீர்கள், ஏனெனில் சேர்ந்த பிள்ளைகளை நடு ஆண்டில் வேறு இடத்துக்குக் கொண்டு போக முடியாது. குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். குழந்தைகள் காப்பகம் நடத்துவதற்கென்றே வாடகைக்கு விடப்படுகிறது என்ற வாசகமும், அரசுச் சான்றுகள் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வாசகமும் கட்டாயம் இருக்கட்டும். வீட்டு மின் இணைப்பை மாற்றும்போதும் சொத்துவரி உயரும்போதும் கூடுதல் செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். வேளச்சேரி ஃபிளாட்டுக்கு, உரிமையாளர் சம்மதம் மட்டும் போதாது. குடியிருப்போர் அசோசியேஷனின் எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் போனால் முதல் மாதத்திலேயே தகராறு வரும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெருங்குடியையும் வேளச்சேரியையும் விட்டுவிட்டேன். மடிப்பாக்கம் வீட்டுக்காரர் வரைபட நகலைத் தந்திருக்கிறார். மாடிக்கும் அனுமதி உள்ளது. பேஸ்மென்ட் சாலையைவிட நன்கு உயரமாக இருக்கிறது. ஆனால் பின்கட்டில் கதவு இல்லை, கம்பி போட்ட பெரிய ஜன்னல் மட்டுமே உள்ளது. அதைக் கதவாக மாற்ற இயலுமா?

பதில்: கட்டடப் பொறியாளர், அம்பத்தூர்

இயலும் அம்மா. ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் இருக்கும். அகலத்தைக் கூட்டாமல் கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்தால் கட்டடத்துக்குப் பாதிப்பு வராது. வெளிப்பக்கம் திறக்கும் கதவாகப் போடுங்கள். படிக்குப் பதில் சிமென்ட் சரிவு அமையுங்கள். பின்கட்டிலிருந்து தெருவுக்கு வரும் பக்கவாட்டுச் சந்தில் உரிமையாளர் இருசக்கர வாகனம் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நிறுத்துவதாக இருந்தால், வழியை மறிக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.