பொன்னியின் செல்வனைப் பிடித்துக்கொண்டு போன இடங்களில் உங்களுக்கு நடந்தது

வீராணத்துக்காரி:
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவல் படமாக வந்த 2022க்கு அப்புறம் எங்கள் காட்டுமன்னார்கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், உங்களுக்கே தெரியும். வீராணம் ஏரிக்கரையில் நின்று ஒரு போட்டோ, அப்புறம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில், அப்புறம் சாப்பாடு. நான் உள்ளூர் என்பதால் தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து எண்பது வயது அம்மா ஒருவர் மகனோடு வந்தார். துணிப்பையில் பழைய பைண்டு புத்தகம் ஒன்று. 1950இல் கல்கி பத்திரிகையில் தொடர் ஆரம்பித்தபோது அவருடைய அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கட்டியது, மணியம் ஓவியங்களோடு. ஏரியில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை. "ரவிதாசன் பேரு இருக்கற செவுரு எங்க கண்ணு?" என்று மட்டும் கேட்டார். கதையில் ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சதி செய்கிற ரவிதாசன்தான்.

எனக்குத் தெரியவில்லை. கல்வெட்டு இருக்கிறது என்று நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், எந்தக் கல் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பிரகாரத்தில் இரண்டு முறை சுற்றினோம். கடைசியில் குருக்கள் வீட்டுப் பையன் ஒருவன் டார்ச்சோடு வந்தான். நேராக அடித்தபோது வெறும் கருங்கல். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்தான் பாருங்கள், ஒவ்வொரு எழுத்தாக நிழல் கட்டிக்கொண்டு எழுந்து வந்தது. அந்த அம்மா கல்லைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளி, காற்றிலேயே விரலை வரிமேல் ஓட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்கயே பொறந்த புள்ள தானே நீ? இதைய நீ பாத்ததே இல்லியா?" என்றார். கோபமே இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் இன்னும் போகவில்லை.

கோவில்பட்டி பேரன்:
உங்கள் அளவுக்குப் பெரிய கதை இல்லை. சோழர் கதையும் இல்லை. ஆனால் பொன்னியின் செல்வனை எழுதிய கல்கியைப் பற்றியது, அதனால் இங்கேயே போடுகிறேன்.

எட்டயபுரம் பாரதி மணிமண்டபம் கல்கி முன்னின்று வாசகர்களிடம் பணம் திரட்டிக் கட்டியது. 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், நாடு விடுதலையாகி இரண்டு மாதத்தில், 1947 அக்டோபரில் அவரே திறந்துவைத்தார். அடிக்கல் நாட்டியபோது அவருடைய சிவகாமியின் சபதம் தொடராக ஓடிக்கொண்டிருந்தது. வாராவாரம் அத்தியாயம் எழுத வேண்டிய மனிதர் இந்த வேலையையும் தலையில் போட்டுக்கொண்டார். எங்கள் தாத்தா தொடக்கப் பள்ளி வாத்தியார். பத்திரிகையில் வேண்டுகோளைப் படித்துவிட்டு ஒரு ரூபாய் மணியார்டர் அனுப்பினார். அந்தக் காலத்து வாத்தியார் சம்பளத்தில் ஒரு ரூபாய்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது என்னை அங்கே கூட்டிப்போனார். உள்ளே போய்க் கும்பிட்டார், எதுவும் பேசவில்லை. வெளியே வரும்போது ஒரு தூணில் உள்ளங்கையை முழுசாகப் பதித்து, "ஏலே, இதுல ஒரு கல்லு நம்ம வீட்டுக் கல்லுல" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து மணியார்டர் ரசீதைக் காட்டினார். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, தபால் முத்திரை மட்டும் தெரிந்தது. தாத்தா போன பிறகு வீடு மாறினோம். அந்தப் பெட்டி இருக்கிறது. ரசீதைக் காணோம். பெட்டியை நான்தான் காலி செய்தேன்.

மேலக்கடம்பூர் பக்கம்:
வீராணத்துக்காரி, நீங்கள் சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும், கதையைத் தேடி வருகிறவர்கள் எங்கள் ஊரைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் இறங்கிய உடனே கேட்பது ஒன்றுதான்: "கடம்பூர் மாளிகை எங்கே?" கல்கி தன் கற்பனையில் கட்டிய மாளிகை அது. இங்கே இருப்பது அமிர்தகடேசுவரர் கோயில், முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கரக்கோயில். கருவறையே தேர். சக்கரம், குதிரை எல்லாம் கல்லில். நகத்தளவு சிற்பங்கள்கூட உண்டு.

போன வருடம் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். ஒருவன் அந்தச் சக்கரத்தின் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, செல்போனில் மாளிகையைத் தேடிக்கொண்டிருந்தான். தம்பி, கொஞ்சம் நகரு என்றேன். நகர்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிரதோஷம் வேறு. நந்தியின் மேல் பத்துக் கைகளோடு ஆடுகிற வங்காளப் பாணிச் செப்புத் திருமேனி வெளியே வருகிற நாள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள். ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. கார் கிளம்பிவிட்டது.

இல்லாத மாளிகைக்கு இருக்கிற கோயிலைப் பலி கொடுக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழையாறைவாசி:
கடம்பூர்க்காரரே, உங்கள் வருத்தம் நியாயம். பழியை மட்டும் கதைமேல் போடாதீர்கள். கல்கி காற்றிலிருந்து எழுதியவர் இல்லை. வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்துவிட்டு எழுதியவர். பண்டாரத்தார் எங்கள் பக்கம் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். கதையில் சதிகாரர்கள் கூடுகிற பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், வருகிறதே, அதே ஊர். அந்தக் கதை இல்லையென்றால் கோயம்புத்தூர் அம்மா உடையார்குடிக்கு ஏன் வரப்போகிறார்? அந்தப் பையன்களும் உங்கள் ஊருக்கு வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களிடம் நீங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றியும் ஒன்று. அதில் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை வழக்கின் தீர்ப்பு இருக்கிறது என்று நினைத்துப் போகிறார்கள். கல்வெட்டு நிலத்தைப் பற்றியது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை"க் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர் வருகிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலமும் பறிபோகிறது. அதை ஊர்ச்சபை விற்க, ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் தருமம் வைக்கிறார். யார் கையால் குத்தினார்கள், ஏன் குத்தினார்கள் என்று கல் சொல்லாது. கல்கியும் அதை முடிச்சவிழ்க்காமல்தான் விட்டார்.

என் அனுபவம் சின்னது. எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகக் கல்வெட்டு வரிகளின் மேலேயே எனாமல் பெயிண்டில் உபயதாரர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பெயரில் இருந்தார் பெயிண்டர். நிறுத்துங்கள் என்றேன். "சார், கீழே எழுத்து இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்று பிரஷ்ஷைக் கையிலேயே பிடித்தபடி நின்றார். அவர்மேல் என்ன தப்பு?

அதனால் போகிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள். கல்வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், விபூதி, மைதா எதையும் தேய்க்காதீர்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், கல்லுக்குள் இறங்கிவிடும், தூசி அதில்தான் ஒட்டும். தண்ணீர்கூடத் தேவையில்லை. வீராணத்துக்காரி சொன்ன டார்ச் பையன் செய்ததுதான் சரியான வழி: வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். வெளிச்சுவர் என்றால் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரம் போங்கள். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகத்தான் தெரியும், நடையும் சாத்தியிருக்கும். ஒரே போட்டோவில் முழுச்சுவரையும் எடுக்காதீர்கள். இடமிருந்து வலமாக, ஒன்றோடொன்று கொஞ்சம் மேற்படிந்து வருகிற மாதிரி எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். எந்தச் சுவர், எந்தத் திசை என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். முதலில் குருக்களிடமோ மெய்க்காவலரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். காகிதம் ஒற்றி மைப்படி எடுப்பது அனுமதியோடு செய்யவேண்டிய வேலை, நாமாக இறங்கக் கூடாது. இன்னும் எழுதுவேன், போதும்.

கோடியக்கரை மகள்:
கோவில்பட்டி பேரன் ரசீதைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு இது வந்தது. அப்பா என்னை ஒன்பது வயதில் கோடியக்கரைக்குக் கூட்டிப்போனார். பொன்னியின் செல்வனில் படகோட்டுகிற பூங்குழலி மேல் பைத்தியம் அவர். குழகர் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் நடந்தோம். சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்று ஒரு செங்கல் மிச்சம் நின்றது. எனக்குக் கால் வலி. இதுக்கா இவ்வளவு தூரம் என்று அழுதேன். அப்பா என்னைத் தூக்கி அதன் நிழலில் உட்கார வைத்துவிட்டு, பூங்குழலியின் படகுப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தார். நான் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன், அந்தச் செங்கலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

2004 சுனாமியில் அது போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. செங்கல் என்ன நிறம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், மணல்தான் ஞாபகம் வருகிறது.

மேலக்கடம்பூர் பக்கம்:
பழையாறைவாசி, ஒத்துக்கொள்கிறேன். சொல்லியிருக்கலாம். அடுத்த பிரதோஷத்துக்கு யார் வந்தாலும் சாயங்காலம் வரை நிறுத்திவைக்கிறேன், காபி நம் வீட்டில்.

வீராணத்துக்காரி:
எல்லாவற்றையும் படித்தேன். கோடியக்கரை மகளே, அப்பா பாடினது ஞாபகம் இருக்கிறதே அம்மா.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் காலையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு உடையார்குடிக்குப் போனேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள், நான் ஏழு போட்டோ எடுத்து அந்தக் கோயம்புத்தூர் அம்மாவின் மகன் நம்பருக்கு அனுப்பினேன். சாயங்காலம் குரல் பதிவு வந்தது, அந்த அம்மாவேதான்: "மூணாவது போட்டோல 'பாண்டியன்' சரியா விழுகல கண்ணு, இன்னொருக்கா எடுத்து அனுப்பு."