எல்க் எடை என்றால் எந்த எடை? கலைச்சொல் விவாதம்

மடல் 1 — செ.

அனைவருக்கும் வணக்கம்.

வட அமெரிக்க மான்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகையில் எடை தொடர்பான நான்கு சொற்கள் இடிக்கின்றன. எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடுபவர்கள் 'லைவ் வெயிட்' (உயிரோடு இருந்த எடை), 'ஃபீல்ட் டிரெஸ்டு வெயிட்' (காட்டிலேயே குடலை நீக்கிய பின்), 'ஹேங்கிங் வெயிட்' (தொங்கவிட்ட உடலின் எடை), 'போன்டு அவுட் வெயிட்' (எலும்பு நீக்கிய கறி) என்று பிரித்துச் சொல்கிறார்கள். இப்போதைக்கு நான் போட்டிருப்பவை முறையே உயிரெடை, களச்சுத்த எடை, தொங்கெடை, எலும்பிலி எடை. இரண்டாவது எனக்கே பிடிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'களத்தில் உடையுடுத்திய எடை' என்றாகிவிடும், அதற்கு இது பரவாயில்லை என்று விட்டேன்.

இன்னொன்று 'கிரவுண்ட் ஷ்ரிங்கேஜ்'. தொலைவில் மலைபோல் தெரிந்த விலங்கு, சுட்டு வீழ்த்திப் பக்கத்தில் போய் நின்றால் சிறுத்துவிடுகிறதே, அதைக் கேலியாகச் சொல்வது. 'தரைச்சுருக்கம்' பொருந்துமா?

கையேட்டில் இந்தச் சொற்கள் வரும் பக்கமே, வேட்டைக்காரர்கள் எடையை ஏற்றிச் சொல்வதைப் பற்றியதுதான். சொல் பிசகினால் பக்கம் முழுதும் பிசகும்.

மடல் 2 — ம.

செ. தம்பி, கால்நடை மருத்துவப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

'உயிரெடை' சரி. ஆட்டுச் சந்தையில் நாள்தோறும் புழங்கும் சொல். மற்ற மூன்றையும் மாற்றுங்கள்.

'களச்சுத்த எடை' என்றால் எதைச் சுத்தம் செய்தார்கள் என்று தெரியாது. ஆட்டைச் சுத்தம் செய்தாச்சு என்றால் நம் ஊரில் தோலும் போய், குடலும் போய், கறி தட்டுக்கு வந்தாயிற்று என்று பொருள். இங்கே போவது வயிற்றறையிலும் நெஞ்சறையிலும் உள்ளவை மட்டும்: இரைப்பை, குடல், ஈரல், நுரையீரல், இதயம், வடிந்த இரத்தம். தோல், தலை, கால் எல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே 'குடல்நீக்கிய எடை'. நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

'எலும்பிலி' வேண்டவே வேண்டாம். முதுகெலும்பிலி படித்த எவருக்கும் மண்புழுதான் நினைவுக்கு வரும். 'கறியெடை' போதும்.

எண்களைப் பார்த்தால் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்று புரியும். ராக்கி மலை எல்க்கில் வளர்ந்த ஆண் சுமார் 700 பவுண்டு, அதாவது 318 கிலோ. பெண் 500 பவுண்டு, 227 கிலோ. கன்று பிறக்கும்போது 35 பவுண்டு. ஆணையே எடுத்துக்கொள்வோம். 318 கிலோவில் குடல் முதலானவையும் இரத்தமுமாக ஏறத்தாழ 102 கிலோ கழியும். அசைபோடும் விலங்கு, இரைப்பையில் அரைகுறையாகச் செரித்த புல்லும் நீருமே மூட்டைக்கணக்கில் கிடக்கும். மிச்சம் 216 கிலோ. அடுத்து ஈரத்தோல் 20, கொம்போடு தலை 23, முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் 8 என்று கழித்தால் 165 நிற்கும். அதிலிருந்து எலும்பு, கொழுப்பு, தசைநார், குண்டு பாய்ந்து கன்றிய பகுதி, காய்ந்து கறுத்த மேற்பரப்பு எல்லாம் போக 115 கிலோ கறி விழுந்தால் நல்ல கைத்திறன். குண்டு சப்பையில், அதாவது தொடை அல்லது தோள் பகுதியில், பட்டிருந்தால் நூறைத் தாண்டாது.

ஒரே மானுக்கு 318, 216, 165, 115 என்று நான்கு எண்கள், நான்கும் உண்மை. விகிதமாகச் சொன்னால் ஏறத்தாழ நூற்றுக்கு 68, 52, 36. வயது, பருவம், அன்று மேய்ந்த மேய்ச்சல் ஆகியவற்றைப் பொறுத்து இரண்டு மூன்று புள்ளி அப்படி இப்படிப் போகும்.

மடல் 3 — த.

> 'தொங்கெடை'

ம. அம்மா இதை ஏன் மாற்றவேண்டும் என்று சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கொலராடோவிலும் மொன்டானாவிலும் குளிர்காலத்தில் தோலோடேயே தொங்கவிடுபவர்கள் உண்டு. இறைச்சி வெட்டும் கடையில் தோலுரித்து, தலையும் காலும் எடுத்துத் தொங்கவிடுவார்கள். இரண்டும் தொங்குகின்றன, இரண்டுக்கும் நடுவே 50 கிலோ வித்தியாசம். தொங்குவதைப் பெயரில் வைத்தால் குழப்பத்தையும் சேர்த்துத் தொங்கவிடுகிறோம். 'உரித்த எடை' என்றே வைப்போம்.

வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் ஆயிரம் பவுண்டு எல்க் பெரும்பாலும் காட்டில் பிறப்பதில்லை, கணக்கில்தான் பிறக்கிறது. மேலே சொன்ன அதே ஆணின் குடல்நீக்கிய எடை 216 கிலோ, அதாவது 476 பவுண்டு. ஒருவர் அதை 'டிரெஸ்டு' என்று மட்டும் சொல்கிறார். கேட்டவர் அதை உரித்த எடை என்று எடுத்துக்கொண்டு, உயிரெடையில் பாதிதானே உரித்தது என்று இரண்டால் பெருக்குகிறார். 952 பவுண்டு! மூன்றாம் ஆள் அதை ஆயிரமாக முழுமையாக்கிவிடுவார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆட்டில் பாதிக்குப் பாதி கறி என்று பழகிய நம் வாசகர் அதே தவற்றை இன்னும் எளிதாகச் செய்வார்.

எண்ணைத் திருத்த யாரும் முயலாததற்கும் காரணம் உண்டு. வேட்டைச் சாதனைப் பதிவுக்கு எடை தேவையே இல்லை. 1887-இல் தொடங்கிய அமெரிக்க வேட்டை அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கழகம் எல்க்கின் கொம்பை மட்டுமே அளக்கிறது. கொம்பு 60 நாள் காய்ந்த பிறகுதான் அதிகாரபூர்வமாக நாடா வைப்பார்கள், ஈரக் கொம்பு சுருங்கும் என்பதால். கொம்பின் நீளத்தில் கால் அங்குலம் கூட்டிச் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம். உடம்பின் எடையில் நூற்றைம்பது கிலோ கூட்டினாலும் கேட்க ஆளில்லை.

நிறுப்பதும் லேசான வேலை இல்லை. இப்போது பலர் வயிற்றைத் திறப்பதே இல்லை. விலங்கை ஒருபக்கமாகக் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக மடிப்பார்கள். முன்சப்பையைக் கத்தியால் அறுத்தே எடுத்துவிடலாம், அங்கே மூட்டு இல்லை. பின்சப்பையை இடுப்பு மூட்டில் பிரிப்பார்கள். அப்புறம் முதுகுக்கறி, கழுத்து, விலா இடைக்கறி. புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே. முதுகெலும்புக்கு அடியில், வயிற்றறைக்குள் இருக்கும் மென்கறியை மட்டும் கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு கீறலிட்டுக் கையை விட்டு இழுப்பார்கள். குடலும் விலாக்கூடும் காட்டிலேயே கிடக்கும்.

இப்படி வெட்டிய விலங்குக்குக் குடல்நீக்கிய எடை என்று ஒன்று இருக்கவே முடியாது. அதைச் சொல்லும் யாரும் பின்னோக்கிக் கணித்துச் சொல்கிறார் என்று பொருள். கறியைக் கட்டிய பைகளின் எடை மட்டுமே உண்மையில் தராசு ஏறியது. பெரிய ஆணின் எலும்போடு கூடிய பின்சப்பை ஒன்று 27 முதல் 32 கிலோ, முன்சப்பை 18 முதல் 23 கிலோ. இங்கும் ஒரு வழுக்கல்: பின்சப்பையை நிறுத்து நான்கால் பெருக்கிவிடுவார்கள். முன்சப்பை மூன்றில் இரண்டு பங்குதான் என்பது மறந்துபோகும்.

'தரைச்சுருக்கம்' வேண்டாம் ஐயா, மண்ணியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 'அருகுச்சுருக்கம்' பாருங்கள். சுருக்கம் நடப்பது கிட்டே போவதால், தரையால் அல்ல.

மடல் 4 — ந. (யாழ்ப்பாணம்)

வணக்கம். இரண்டு சங்கதிகள் சுருக்கமாக.

எங்கட பக்கம் 'எடை' என்று எழுதினால் விளங்கும், ஆனால் பாடநூலில் 'நிறை' என்பதே வெயிட், 'திணிவு' என்பது மாஸ். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறைதான் மாஸ். ஆகவே 'நிறை' பக்கம் போகாமல் 'எடை' என்றே வைத்தது நல்லது, இரண்டு கரையிலும் தவறாக விளங்காது.

மற்றது, விலங்கின் பெயர். இலங்கையில் வெள்ளைக்காரர் 'எல்க்' என்று சுட்டது எங்கட மரையை. நுவரெலியா பக்கத்தில் 'எல்க் பிளெய்ன்ஸ்' என்ற பெயர் இன்றும் இருக்கு. அது தமிழ்நாட்டில் கடமான், தெற்கே மிளா. ஐரோப்பாவிலோ 'எல்க்' என்றால் வட அமெரிக்கர் 'மூஸ்' என்று சொல்லும் விலங்கு. அலாஸ்கா மூஸ் 700 கிலோவையும் தாண்டும். ஐரோப்பிய நூலில் எல்க் எடையைப் பார்த்து அமெரிக்க எல்க்குக்குப் போட்டால், வேட்டைக்காரர் எவரும் சொல்லத் துணியாத பொய்யை மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுவார். கையேட்டில் முதல் இடத்தில் 'வாபிட்டி' என்று ஒருமுறை எழுதிவிடுங்கோ. வட அமெரிக்கப் பழங்குடியினரான சாவ்னி மக்களின் சொல், வெள்ளைப் பிட்டம் என்று பொருள். வேறெந்த மானோடும் குழம்பாது.

மடல் 5 — ம.

ந. சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவுக்குள்ளேயே எண்ணைக் கடன் வாங்குகிறார்கள். பசிபிக் கரையின் ரூஸ்வெல்ட் எல்க் உடலில் பெரிது. 1920-களின் கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்திலிருந்து எட்டுக் கன்றுகளை அலாஸ்காவின் அஃபோக்னாக் தீவில் கொண்டு விட்டார்கள். அவற்றின் வழிவந்த ஆண்கள் 1,300 பவுண்டு வரை போகும். அது 590 கிலோ! மேய்ச்சல் அப்படி. அந்த உச்ச எண்ணை எடுத்துக் கொலராடோ எல்க்கின் தலையில் கட்டுவதுதான் வழக்கம். மறுபக்கம் கலிஃபோர்னியாவின் டியூலே எல்க், எல்லாவற்றிலும் சிறிது. அதன் எண்ணை யாரும் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை.

பருவமும் சேர வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஆண் கொழுத்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் காலம், மேய்வதை விட்டுக் கத்துவதும் முட்டுவதும் விரட்டுவதுமாக இருந்து உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். ஆகஸ்டில் 318 கிலோ நின்ற அதே ஆண் நவம்பரில் 260-க்கு இறங்கியிருக்கலாம்.

நாடா வைத்துக் கணிப்பதையும் நம்பாதீர்கள். மாட்டுக்கு நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 300-ஆல் வகுப்போம், அங்குலத்தில் அளந்தால் பவுண்டில் விடை வரும். எல்க்கில் இரண்டு கோளாறு. குளிர்காலத்து மயிர் நாடாவைத் தள்ளி நிறுத்தும். செத்துக் கிடக்கும் விலங்கின் இரைப்பையில் வாயு சேர்ந்து உடம்பு ஊதும். சுற்றளவு வர்க்கத்தில் பெருகுவதால் 70 அங்குலம் 74 ஆனாலே எடை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடிவிடும்.

அதனால் நிலையின் பெயர் மட்டும் போதாது. நிறுத்ததா, கணித்ததா என்பதற்கும் சொல் வேண்டும்.

மடல் 6 — செ.

> நிறுத்ததா, கணித்ததா

முதலில் 'அளந்த எடை' என்று எழுதிப் பார்த்தேன். தமிழில் 'நல்லா அளக்கிறான்' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வேட்டைக்காரர் பக்கத்தில் அந்தச் சொல்லை வைப்பது வம்பு. 'நிறுத்த எடை' படிக்கும்போது எதையோ நிறுத்தச் சொல்வதுபோல் தொனிக்கிறது. 'தராசெடை', 'மதிப்பெடை' என்று வைக்கலாமா?

மடல் 7 — த.

தராசெடை, மதிப்பெடை இரண்டும் நன்று. ஆனால் தராசெடை என்ற பட்டத்தைச் சும்மா கொடுக்கக்கூடாது. வரையறையில் இவை இருக்கட்டும்:

தராசின் கொள்ளளவு ஏற்றும் பாரத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கவேண்டும். வில் தராசை அதன் எல்லைவரை இழுத்தால் காட்டும் எண் நம்பத்தக்கதல்ல. முழுசாகத் தூக்க முடியாவிட்டால் துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டலாம், அதில் தவறில்லை. வெறும் கொக்கி, கயிறு, பை ஆகியவற்றின் எடையை முதலில் குறித்துக் கழிக்கவேண்டும்; இரத்தம் ஊறிய பை காய்ந்த பையைவிடக் கனம், ஆகவே கறியைக் கொட்டிய பிறகு அதே பையை நிறுக்கவேண்டும். பாரம் ஆடுவது நின்ற பிறகே எண்ணைப் படிக்கவேண்டும். மண், பனி, மயிர் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு ஏற்றவேண்டும்.

உரித்த எடையில் சூட்டோடு நிறுத்ததா, ஆறிய பிறகா என்பதும் சேரவேண்டும். முதல் நாளிலேயே நீர் ஆவியாகி நூற்றுக்கு இரண்டு மூன்று குறையும். 165 கிலோவில் அது மூன்று முதல் ஐந்து கிலோ. வாரக்கணக்கில் தொங்கினால் இன்னும் இறங்கும்.

இதயம், ஈரல், நாக்கைத் தனியே எடுத்து வைப்பவர்கள் அதைக் கறியெடையில் சேர்க்கக்கூடாது.

மடல் 8 — செ.

அப்படியானால் கையேட்டில் இவ்வாறு போகிறேன்.

உயிரெடை: விலங்கு உயிரோடு இருந்த நிலையின் முழு எடை.
குடல்நீக்கிய எடை: உள்ளுறுப்புகளும் வடிந்த இரத்தமும் போக, தோல், தலை, கால் உட்பட.
உரித்த எடை: மேலும் தோல், தலை, முழங்காலுக்குக் கீழான கால் போக, சூட்டோடு அல்லது ஆறியபின் என்ற குறிப்புடன்.
கறியெடை: எலும்பும் கழிவும் போக உண்ணத்தக்க கறி, உள்ளுறுப்பு சேராது.
அருகுச்சுருக்கம்: தொலைவில் மதிப்பிட்ட உருவம் கிட்டத்தில் குறைந்து தெரிவது.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'தரா.' அல்லது 'மதி.' என்று சுருக்கம். எடுத்துக்காட்டுக்கு: வாபிட்டி, ஆண், நவம்பர், கறியெடை 98 கிலோ தரா., உயிரெடை 270 கிலோ மதி.

மடல் 9 — ம.

'மதி.' என்ற சுருக்கத்தை மட்டும் மாற்றுங்கள் தம்பி. மதிப்பெண் பட்டியல்போல் தெரிகிறது. 'மதிப்.' போடலாம். குடல்நீக்கிய எடைக்கு வயிறு திறக்காமல் வெட்டிய விலங்கில் என்ன எழுதுவது என்று த. கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஒரு கோடு போட்டு விடுங்கள், கணித்து நிரப்ப வேண்டாம்.