பழப்பனியா, உறைசாறா? (ஷெர்பெட், சார்பே)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மதுரையில் உணவகத் தொழில் படிக்கும் மாணவர்களுக்கான பாடநூலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன். சார்பே என்பது பழச்சாறும் சர்க்கரைப் பாகும் உறைந்தது. பால் அறவே கிடையாது. ஷெர்பெட்டில் சிறிது பால் உண்டு. அமெரிக்க விதிப்படி பால்கொழுப்பு 1 முதல் 2 விழுக்காடு. பால் ஒவ்வாதவருக்கு மாணவர் மாற்றிப் பரிமாறிவிடக் கூடாது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஏற்க மறுக்கிறேன்.

'சர்பத்' என்றே எழுதலாம் என்று நேற்று ஒருவர் சொன்னார். குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து மூன்று சொற்களும் கிளைத்தவை என்பது சரி. ஆனால் சித்திரை வெயிலில் மாசி வீதியில் சர்பத் கேட்டால், நன்னாரியும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர்தான் கைக்கு வரும்.

என் பரிந்துரை: சார்பேக்குப் பழப்பனி, ஷெர்பெட்டுக்குப் பாற்பழப்பனி.

*மேலூரிலிருந்து:*

பழப்பனியில் 'ப்' என்னும் ஒற்றெழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள். கனியைக் குறித்தால் மகரம் கெட்டுப் பகரம் மிகும். தட்டச்சில் 'பழம்பனி' என்று விழுந்தால் அது பழமை + பனி; பொருளே போய்விடும். அதைவிட, பனி என்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதுக்குப் பெயரிட்டவர்கள் புல்நுனியில் நிற்கும் துளியை நினைத்தார்கள், குளிர்பெட்டியில் இறுகிய கட்டியை அல்ல. 'உறைசாறு' என்று வையுங்கள். பால் சேர்ந்தால் 'பாலுறைசாறு'.

*திருமங்கலத்திலிருந்து:*

பால்பழம் என்றால் மணமக்களுக்குக் கொடுப்பது, ஐயா. பாலுறைசாறு என்றால் சமையற்கூடத்தில் ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. பால் ஐஸ், சேமியா ஐஸ் என்று தெருவே பெயர் வைத்துக்கொண்ட ஊர் இது. ஜிகர்தண்டாவை யார் மொழிபெயர்த்தார்கள்? ஒலிபெயர்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

*மீண்டும் நான்:*

மேலூர் ஐயா, நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றினால் மறுநாள் தயிர். பாலும் உறையும் பக்கத்தில் நின்றால் மாணவர் தயிரைத்தான் நினைப்பார். ஒலிபெயர்ப்பு மட்டும் போதாது. எதில் பால் இருக்கிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

வந்த மடல்களில் பெரும்பாலானவை பழப்பனி பக்கம். அதுவே அச்சுக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் சார்பே, ஷெர்பெட் என்பவற்றையும் தருகிறேன். உறைசாற்றைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன்.

*மேலூரிலிருந்து:*

மாற்றுச்சொல்லாக வேண்டாம். அடுத்த பதிப்பில் இந்த இழையை மீண்டும் திறப்பேன்.